விற்றமின் டி குளிசை: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

(கந்தப்பளையில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசக் கூடுகிற இடத்தில், இன்று ஒரு குளிசையைப் பற்றிப் பேசும்படி கமிட்டி என்னைக் கேட்டிருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். சில மாதங்களாக நமது லயங்களில் "எலும்புக்குச் சத்து" என்று சொல்லிக் குளிசைப் போத்தல்களை விற்கிறார்கள். கையில் காசு இல்லாதவர்களுக்கு மாதத் தவணையிலும் கொடுக்கிறார்கள். டவுனில் இரத்தம் சோதித்த சிலரிடம் "விற்றமின் டி குறைவு" என்று தாள் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளும் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். "டீச்சர், இதைக் குடிக்கலாமா? காசு கொடுத்து வாங்கலாமா?" என்று தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். யாருடைய நோய்க்கும் மருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தக் குளிசையைப் பற்றி உலகத்து வைத்திய நிபுணர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் சண்டை போடுகிறார்கள் என்பதை உங்கள் முன் வைக்க முடியும். ஒரு போத்தலுக்கு இரண்டு மூன்று நாள் பேர் போகிறது. அந்தக் காசை வியர்வை சிந்திச் சம்பாதித்தவர்கள் விஷயம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது?

முதலில் விற்றமின் டி என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் சாப்பிடும் கல்சியத்தைக் குடலிலிருந்து உடம்புக்குள் எடுத்துக் கொடுப்பது இதுதான். இது இல்லாவிட்டால் கல்சியம் வந்தவழியே போய்விடும். பிள்ளைகளுக்கு எலும்பு இறுகாமல் கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு மெலிந்து, இடுப்பிலும் தொடையிலும் ஆழமான வலி வரும். மற்ற விற்றமின்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெயில் தோலில் பட்டால் இதை நமது உடம்பே செய்துகொள்ளும்.

ஐரோப்பாவில் ஆலைப் புகை மண்டிய நகரங்களில், வெயில் நுழையாத சந்துகளில் வாழ்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கால் வளைந்தது. அந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், அப்படிப்பட்ட பிள்ளைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைத்து எலும்பைத் தேற்றிக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்ற ஆய்வாளர், கொட் மீன் ஈரல் எண்ணெய் இந்த நோயைத் தடுப்பதை நாய்க்குட்டிகளை வைத்துக் கண்டார். 1922இல் அமெரிக்காவின் மெக்கொலம் என்பவர் அந்த எண்ணெயில் இருந்த சத்தைத் தனியாக அடையாளம் கண்டார். ஏ, பி, சி என்று ஏற்கெனவே பெயர்கள் இருந்ததால் இதற்கு டி என்று பெயர் வந்தது.

இருட்டு வீட்டிலும் புகையிலும் வாழ வைக்கப்பட்ட ஏழைத் தொழிலாளர் வீடுகளில்தான் இந்த நோய் அதிகம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் மீன் எண்ணெயைப் பிள்ளைகளுக்கு அரசாங்கத் திட்டமாகவே கொடுத்தது. ஆகவே, விற்றமின் டி தேவையே இல்லை என்று எந்த நிபுணரும் சொல்லவில்லை. நல்ல உடம்போடு இருப்பவர் கடையில் வாங்கிக் குடிப்பதால் பயன் உண்டா என்பதில்தான் தகராறு.

நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள்?

2010இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ஒரு வயது முதல் 70 வயது வரை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு போதும், 70க்கு மேல் 800 அலகு போதும் என்றது. வெயிலே படாதவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இரத்தத்தில் 20 என்ற அளவு இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றும் சொன்னது.

அடுத்த வருடமே, 2011இல், ஹோர்மோன் வைத்தியர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி வேறு மாதிரிச் சொன்னது. 20 போதாது, 30 வேண்டும் என்றது.

இந்தப் பத்து வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. ஒருவருடைய இரத்தத்தில் 24 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் அவர் சுகதேகி. இரண்டாவது கணக்கில் அவர் போதிய அளவு இல்லாதவர். ஆள் அதே ஆள், இரத்தமும் அதே இரத்தம். கோட்டை மேலே தூக்கியதும் உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் ஒரே நாளில் "போதிய அளவு இல்லாதவர்" ஆகிவிட்டார்கள். சோதனையும் குளிசையும் அமோகமாக விற்றன. டவுனில் உங்களுக்குக் கொடுத்த தாளில் எந்தக் கோட்டை வைத்து "குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு பெரிய பரிசோதனைகள் நடந்தன. அமெரிக்காவில் 25,871 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தினமும் 2,000 அலகு விற்றமின் டி, மறு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். "வைட்டல்" என்று பெயர் கொண்ட இந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2022இல் எலும்பு முறிவுக் கணக்கையும் வெளியிட்டார்கள். அதிலும் இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. பெரிய நோயைத் தடுக்கவோ ஆயுளைக் கூட்டவோ விற்றமின் டி குடிப்பதை நிறுத்துங்கள் என்று கம்மிங்ஸ், ரோசன் என்ற இரு நிபுணர்கள் அதே வருடம் வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள்.

2024இல், முன்பு 30 வேண்டும் என்று சொன்ன அதே எண்டோக்ரைன் சொசைட்டி தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 30 என்ற கோட்டைக் கைவிட்டது. சுகதேகிகளுக்கு இந்த இரத்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. 75 வயதுக்குக் குறைந்த நல்ல உடம்புள்ள பெரியவர்கள், அன்றாடம் தேவையான அளவுக்கு மேல் குளிசையாகக் குடிக்க வேண்டாம் என்றது. ஆனால் நான்கு கூட்டத்தாருக்குக் கொடுப்பதால் நன்மை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது: 1 முதல் 18 வயது வரையான பிள்ளைகள், கர்ப்பிணிகள், 75 வயதைத் தாண்டியவர்கள், சீனி வருத்தம் வரும் நிலையில் இருப்பவர்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை, சத்தான உணவே முக்கியம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை. ஆகவே கர்ப்பிணிப் பெண்கள் கடைக்காரர் சொல்வதையோ என்னைப் போன்றவர்கள் சொல்வதையோ கேட்காமல், கிளினிக்கில் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் அதிகமானோருக்கு ஆரம்பத்திலேயே போதிய அளவு இருந்தது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த மாதிரி. உண்மையாகவே குறைபாடு உள்ளவருக்குக் குளிசை மருந்துதான். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை இந்தப் பேச்சைக் கேட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

நம் மலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

இங்கிலாந்தில் மாரி காலத்தில் எல்லோரும் தினமும் 400 அலகு குடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது. அங்கே ஐந்தாறு மாதம் சூரியன் உயரே ஏறாது. அந்தக் கதிரில் விற்றமின் டி உண்டாகாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வருடம் முழுவதும் சூரியன் தலைக்கு மேல் வருகிறது. அதோடு ஆயிரம் மீற்றர் உயரம் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மலையில் முகம் கருத்துத் தோல் உரிவது சும்மா இல்லை.

நோர்வேயில் வாழும் இலங்கையரையும் கண்டிப் பகுதியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஒஸ்லோவில் இருந்தவர்களுக்கு விற்றமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது. இனம் ஒன்று, தோலின் நிறம் ஒன்று, வெயில்தான் வேறு. திருப்பதிப் பக்கத்துக் கிராமங்களில் வயலில் வேலை செய்பவர்களையும் நகரத்தில் இருப்பவர்களையும் அங்குள்ள வைத்தியர்கள் சோதித்தார்கள். வயலில் நிற்பவர்களுக்கு விற்றமின் டி கூடுதலாக இருந்தது. ஆனாலும் அவர்களில் கணிசமானோருக்கு அளவு போதவில்லை, பெண்களுக்கு இன்னும் குறைவு. இரு பகுதியினரின் சாப்பாட்டிலும் கல்சியம் மிகக் குறைவாக இருந்தது.

இது நமக்கும் பாடம். காலையிலிருந்து மாலை வரை மலையில் நிற்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, குளிசை விற்பவர் சொல்கிற அளவுக்கு ஆபத்து இல்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. தலையில் துணி, உடம்பில் சுவெட்டர், இடுப்பில் படங்கு, மழைக்குப் பொலித்தீன். வெயில் படுவது முகத்திலும் கையிலும் மட்டும்தான். மழை மாதங்களில் நாள் கணக்கில் பனிமூட்டம். கருத்த தோலுக்கு வெயிலும் கூடுதல் நேரம் வேண்டும்.

நம்மவர்களில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் யார்? குளிருக்குப் பயந்து எந்நேரமும் சுற்றி வைத்திருக்கும் கைக்குழந்தை. ஜன்னல் இல்லாத காம்பராவில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி, தாத்தா. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பகலில் தூங்கும் ஆண்கள். இருட்டோடு கார்மென்ட்ஸுக்குப் போய் இருட்டோடு திரும்பும் நம் பிள்ளைகள். சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். அந்த நாடுகளில் வெயில் கொளுத்தினாலும் விற்றமின் டி குறைவு மிகப் பரவலாக இருக்கிறது. காரணம், ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், உடம்பை முழுவதும் மூடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் அங்கே நாலு சுவருக்குள் இருந்துவிட்டு எலும்பு வலியோடு திரும்பி வரும் தங்கச்சியிடம் "சோம்பல்" என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை குடிப்பவர்களும் சிறுநீரக நோயாளிகளும் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரைகளில் சில விற்றமின் டியைக் குறைக்கும்.

குந்தி எழும்ப முடியாமை, படி ஏறும்போது தொடையில் பலம் இல்லாமை, இடுப்பு எலும்பில் அழுத்தினால் வலி, பிள்ளைக்குக் கால் வளைதல், மணிக்கட்டு வீங்குதல், பல் முளைக்கப் பிந்துதல் - இவற்றில் எது இருந்தாலும் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூடினால் என்ன ஆகும்?

"சத்துத்தானே, கூடக் குடித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். விற்றமின் சி கூடினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். விற்றமின் டி அப்படிப் போகாது. கொழுப்பில் தங்கிச் சேரும். அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பம் வரும். சிறுநீரகத்தில் கல் விழும், சிறுநீரகமே பழுதாகலாம். பெரியவர்கள் வைத்தியர் சொல்லாமல் நாளுக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது என்பது அந்த 2010 அறிக்கையின் எல்லை.

அவுஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிக்கு வருடத்துக்கு ஒரே தடவையில் 5 லட்சம் அலகு கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. எலும்பைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து, விழுவதையும் எலும்பு முறிவதையும் கூட்டிவிட்டது.

இந்தியாவிலிருந்து வரும் 60,000 அலகுக் குளிசை வாரத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் என்று வைத்தியர் கணக்கிட்டுக் கொடுப்பது. அதைத் தினமும் ஒன்று என்று குடிப்பது விஷம். வெளிநாட்டிலிருந்து வரும் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் 40ஆல் பெருக்குங்கள். 25 மைக்ரோகிராம் என்றால் 1,000 அலகு.

உண்மையில் நமக்குக் குறைவது என்ன?

தோழர்களே, இந்தப் போத்தலை வாங்கிய பத்துப் பேரிடம் "ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் எட்டுப் பேர் ஒரே பதில் சொல்கிறார்கள். "உடம்பு அலுப்பு டீச்சர், மூச்சு வாங்குது, தலை சுத்துது." அது முதலில் இரத்தச் சோகையின் அடையாளம். அதற்கு வேண்டியது இரும்புச் சத்து. விற்றமின் டி எத்தனை போத்தல் குடித்தாலும் இரத்தம் ஊறாது. இரத்தச் சோகையைக் கண்டுபிடிக்கும் சோதனை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலம், கல்சியம் குளிசைகளும் திரிபோஷவும் கிளினிக்கில் இலவசம். இலவசமாகக் கிடைக்கிற இரும்புக் குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டு, கடனுக்கு இந்தப் போத்தலை வாங்குகிறோம்.

இன்னொன்று. நாம் ரொட்டி சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணி குடிக்கிறோம். தேயிலையில் இருக்கும் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புக் குளிசையை ஒருபோதும் தேயிலையோடு விழுங்காதீர்கள், கல்சியக் குளிசையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. இதற்குச் செலவு இல்லை.

கல்சியத்துக்கு: 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். கோதுமை ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் கலக்கலாம். நெத்தலிக் கருவாட்டைத் தலை, முள்ளோடு சமைத்துச் சாப்பிடுங்கள். டின் மீன், சாளை, முட்டை மஞ்சள் கரு இவற்றில் விற்றமின் டியும் உண்டு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 40 அலகுதான், ஆனால் அதில் புரதமும் இருக்கிறது. சில பால்மாப் பொதிகளில் விற்றமின் டி சேர்த்திருப்பார்கள். பொதியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

வெயிலுக்கு ஓர் எளிய கணக்கு: உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் விற்றமின் டி உண்டாகும். விடியற்காலை வெயில் இதமாக இருக்கும், ஆனால் இதற்கு உதவாது. முற்பகல் ஒன்பதரை பத்து மணிக்கு மேல், கையையும் முழங்காலுக்குக் கீழும் திறந்து, தோல் எரியாத அளவுக்குச் சிறிது நேரம் இருங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால் பயன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். படுக்கையில் இருக்கும் பெரியவரை வாசலுக்குத் தூக்கி வந்து உட்கார வையுங்கள்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

வெயிலும் முட்டையும் தனி ஆள் செய்கிற காரியம். சேர்ந்து செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 100க்கு 32 பேர். என் வகுப்பில் முன் வரிசையில் உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவு வரும். இந்தக் குறையைத் தனியே ஒரு குளிசை தீர்க்காது. சாப்பாடு, சுத்தமான தண்ணீர், தாயின் உடல்நலம், வீடு எல்லாம் சேர்ந்துதான் தீர்க்கும்.

ஆகவே கமிட்டியின் முன் நான்கு வேலைகளை வைக்கிறேன்.

முதலாவது, கிளினிக் நாளில் போகும் தாய்க்கு அரைப்பேர் வெட்டக் கூடாது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் நிர்வாகத்தோடு பேசி முடிவு வாங்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவ மாது ஒழுங்காக வருகிறாரா, தமிழில் விளங்கப்படுத்த ஆள் இருக்கிறாரா என்று மாதர் அணி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதம் எழுத நான் இருக்கிறேன்.

மூன்றாவது, பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை முற்பகலில் கொஞ்ச நேரம் வெளியே விளையாட விடுகிறார்களா, கொடுக்கும் உணவில் முட்டை, பருப்பு, கீரை இருக்கிறதா என்று தோட்டத் தலைவர்கள் கேட்க வேண்டும்.

நான்காவது, லயத்துக்கு வந்து குளிசை விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு குளிசையில் எத்தனை அலகு? இது பதிவு செய்த பொருளா, காலாவதித் திகதி எங்கே? எந்த வைத்தியர் எனக்கு இதை எழுதிக் கொடுத்தார்? பதில் இல்லாவிட்டால் கதவை மூடுங்கள். தவணைக்கு வாங்கிக் கட்ட முடியாமல் இருப்பவர்கள் வெட்கப்படாமல் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சேர்ந்து பேசுவோம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். டாக்டரிடம் காட்டி, எது வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.